வெட்டாமல் விட்ட மூன்று அடிக் கம்பி

"அங்கிள், உங்கட எக்ஸ்பீரியன்ஸை எழுதித் தாங்கோ. புதுசா வேலைக்கு வந்திருக்கிற ஆக்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்று உங்கள் எஞ்சினியர் சங்கத்துப் பிள்ளை மூன்று தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டாள். முதல் இரண்டு தடவையும் முதுகுவலி என்று சொல்லித் தப்பினேன். மூன்றாம் தடவை பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது. சரி என்றுவிட்டேன்.

வெற்றிக் கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். சிட்னியில் தமிழ் எஞ்சினியர்களுக்குக் குறைவில்லை, வெற்றிக்கும் குறைவில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் இடியோடும் மின்னலோடும் மாரடித்தவன். தொலைபேசிக் கருவிகளை மின்னலிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. அதில் எத்தனையோ கருவிகள் பிழைத்தன. அவை ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. நினைவில் நிற்பது வேறு. அதைத்தான் எழுதப் போகிறேன், பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் கொழும்பிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் படுக்க ஒரு அறை, சமைக்க ஒரு குசினி உள்ள ஃபிளாட்டில் நானும் மனைவியும். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த மனிசி இங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் ஆறு மாதத் தவணையில் வேலை. ஆறு மாதம் முடிய, பிரிவுத் தலைவர் கையெழுத்து வைத்தால் நிரந்தரம், என் பட்டத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். வைக்காவிட்டால் நானும் பெட்டி அடுக்கப் போகவேண்டியதுதான்.

பிரிவுத் தலைவரின் பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார்கள். நான் அவரை பொஸ் என்றுதான் சொல்வேன். இந்த ஊரில் பிறந்த வெள்ளைக்காரர். சிவந்த முகம், குறைந்த பேச்சு. அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு எல்லோரும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

அப்போது பிரச்சினை இதுதான். பழைய தொலைபேசிச் சாமான்கள் எல்லாம் இரும்பும் செம்பும். மின்னல் கம்பி வழியே வந்தால், கம்பி உள்ளே நுழையும் வாசலில் இருக்கும் கரித்துண்டு அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். கரி எரிந்து போனால் வேறொன்றைச் செருகிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். பிறகு ட்ரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தன. நகரின் வடமேற்கே, நார்த்மீட்டுக்கு அப்பால் தோடம்பழத் தோட்டங்களை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே கம்பி போதாததால், ஒரே சோடிக் கம்பியில் பல வீடுகளின் பேச்சை அனுப்பும் பெட்டிகளை வீதியோரம் வைத்தார்கள். நல்ல பெட்டிகள்தான். ஆனால் கரித்துண்டு விழித்துக்கொள்வதற்கு முன்னமே உள்ளே ட்ரான்சிஸ்டர் செத்துப் போகும். ஒரு கோடை முழுக்க, மழை பெய்த மறுநாள் எல்லாம் ஆட்கள் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று கத்தினார்கள்.

"நீர் இடி விழுகிற நாட்டில இருந்து வந்தனீர்தானே? உதை நீரே பாரும்" என்று பொஸ் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு எரிந்த சர்க்கிட் அட்டையை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பார்த்தேன். வாசலில் வாயு நிரப்பிய குழாய் ஒன்று, பெரிய அடியை அது வாங்கும். உள்ளே, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த வரிஸ்டர் என்ற சின்ன வில்லை. மின்னழுத்தம் எல்லை தாண்டியதும் அது வழிவிட்டு, மிச்சத்தை மண்ணுக்கு அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு தடை. வேலைத்தலத்து மேசையில் வைத்துச் செயற்கை மின்னல் அடித்துப் பார்த்தோம். இருபது தடவை அடித்தும் ட்ரான்சிஸ்டர் அசையவில்லை. பொஸ் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஆறு பெட்டிகளில் இதைப் பொருத்துவது என்று முடிவானது. வயரிங் வேலைக்கு மிலான் வந்தான். யூகோஸ்லாவியாக்காரன், என் வயதுதான் இருக்கும். அவனும் தற்காலிகம். வில்லாவுட்டில், குடியேறிகள் தங்கும் ஹொஸ்டலுக்குப் பக்கத்தில், இரண்டு ஊர்க்காரரோடு ஒரு அறையில் இருந்தான். மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். நேர்முகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு அவன் கொண்டுபோக வேண்டிய முக்கியமான காகிதம், வேலையில் இருக்கிறான் என்று நிறுவனம் கொடுக்கும் கடிதம். சாப்பாட்டு நேரத்தில் மகளின் படத்தை எடுத்துக் காட்டுவான். "பாருங்கோ, மூக்கு என்ர மூக்கு" என்பான். அந்தப் பெரிய மூக்கு அந்தச் சின்னப் பிள்ளைக்கு வராமலிருக்க வேண்டுமே என்று நான் மனதுக்குள் நினைப்பேன்.

அவன் கை வேலை இருக்கிறதே, அதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு கம்பி இன்னொரு கம்பிக்கு மேல் ஏறாது. மெழுகு நூலால் கட்டினால் முடிச்சுகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்.

முதல் பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையில் எர்த் கம்பி, அதாவது வரிஸ்டரில் இருந்து மண்ணுக்குப் போகும் கம்பி.

"இது நல்லா நீளம். வெட்டட்டா?"

"வெட்ட வேண்டாம். படத்தில போட்டிருக்கிறன் பாரும். மூன்று அடி உபரி விடவேணும்."

"ஏன்?"

"நாளைக்குப் பெட்டியை இடம் மாத்தினால் கம்பிக்கு எங்க போறது? சுத்திப் பின்னால வைத்துவிடும்."

மிலான் கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இந்தக் கம்பிக்கும் வேணுமா? இது மின்னல் போற கம்பியெல்லோ?" என்று திரும்பவும் கேட்டான்.

"எல்லாக் கம்பிக்கும்தான். சொன்னதைச் செய்யும்" என்றேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன்.

இது எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். நான் கொழும்பில் வேலை பழகியது இறக்குமதி எல்லாம் நிறுத்தி வைத்திருந்த காலத்தில். ஒரு முழக் கம்பிக்கு நாலு கையெழுத்து வாங்க வேண்டும். கம்பியைக் குட்டையாய் வெட்டினவனை மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் வைத்துப் பேசுவார். அதனால் எந்தக் கம்பியாக இருந்தாலும் மூன்று அடி கூட விட்டு, வட்டமாகச் சுற்றி, பின்னால் ஒளித்து வைப்போம். அதுதான் எங்களுக்கு ஒழுங்கு, அதுதான் கெட்டித்தனம். நான் கடல் கடந்து வந்துவிட்டேன், ஆனால் என் கை கொழும்பிலேயே நின்றுவிட்டது. இங்கே களஞ்சிய அறையில் கம்பி உருளை உருளையாகக் கிடந்தது, நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அந்தப் படத்தை வரைந்தேன்.

மிலான் தோளைக் குலுக்கிவிட்டுச் சுற்றினான். ஆறு பெட்டியிலும் ஒரே அளவு வட்டம், பார்க்க அவ்வளவு வடிவு.

இங்கே கோடையான மாசி மாதத்தில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இடிமழை வந்தது. தென்மேற்கில் வானம் கறுத்து, நாலு மணிக்கே வீதி விளக்கு எரிந்தது. நான் வேலைத்தலத்து யன்னலோரம் நின்று ஒவ்வொரு மின்னலுக்கும் சந்தோஷப்பட்டேன். விசரன் மாதிரி. அடி, இன்னும் அடி, பார்ப்போம் என்று நின்றேன்.

வெள்ளி காலை ஆறில் நாலு பெட்டி செத்துக் கிடந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வாயுக் குழாய் நலம். வரிஸ்டர் நலம், ஒரு கீறல் இல்லை. அவை காப்பாற்ற வேண்டிய ட்ரான்சிஸ்டர்கள் மட்டும் கரி. காவல்காரர் எல்லாம் சுகமாக நிற்க, வீட்டுக்காரன் செத்துக் கிடந்தான்.

திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்களோடு பெட்டியடிக்கு வந்து, பின்பக்கத்தைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். சுற்றி வைத்த அந்த வட்டத்தை விரலால் தொட்டார்.

"உது என்ன?"

அவர் தொட்ட அந்தக் கணத்திலேயே எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. உங்களுக்கு இது முதல் வருடத்திலேயே படிப்பிக்கிறார்கள். எனக்கும் படிப்பித்தார்கள். ஓடுகிற தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் டொக் என்று சுவரே அதிருமே, அதுபோலத்தான் மின்னலும். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது இருக்காது. அந்த வேகத்துக்கு நீளக் கம்பி ஒரு பாதையே அல்ல, தடுப்பு. அதையும் சுருளாகச் சுற்றினால் இன்னும் மோசம். வரிஸ்டர் வழிவிட்டது, ஆனால் அதற்குப் பின்னால் மண்ணுக்குப் போக வழியில்லை. மின்னழுத்தம் திரும்பி ட்ரான்சிஸ்டரின் தலையில் ஏறியது. மேசையில் சோதித்தபோது எர்த் கம்பி ஒரு சாண்தான், அதனால் இருபது தடவை அடித்தும் தப்பியது.

"ஆர் உதைச் சுத்தினது?" என்று தலைமையகத்துக்காரர் கேட்டார்.

மிலான் எனக்கு மூன்றடி தள்ளி குறடும் திருப்புளியும் வைக்கும் ஆயுதப் பெட்டியோடு நின்றான். என்னைத்தான் பார்த்தான். நான் பேசுவேன் என்று காத்திருந்தான்.

"வயரிங் செய்தது மிலான்" என்றேன்.

அது பொய் இல்லை. கவனியுங்கள், நான் அன்று ஒரு பொய்யும் சொல்லவில்லை. பின்னேரம் எழுதிய அறிக்கையிலும் பொய் இல்லை. "எர்த் கம்பி தேவைக்கு மேற்பட்ட நீளத்தில் நிறுவப்பட்டிருந்தது" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. யார் நிறுவச் சொன்னது, யார் வரைந்தது, யார் இரண்டு தடவை கேட்டது, ஒன்றுமில்லை. எஞ்சினியர்கள் நல்ல ஆங்கிலம் எழுதப் பழகுவது இதற்காகத்தான் என்று சில வேளை எனக்குத் தோன்றும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மிலானை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். என் ஆறு மாதம் முடிவது அந்த வெள்ளிக்கிழமை. கையெழுத்து விழட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு திகதி போட்டுக்கொண்டேன். நாலு நாள்தானே, நாலு நாளில் என்ன தலை போகிற காரியம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பொஸ் கையெழுத்து வைத்து, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையை நீட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இஞ்சருங்கோ, நிரந்தரமாக்கின ஆள் மாதிரியே இருக்கிறியள்? செத்தவீட்டுக்குப் போட்டு வந்த முகம். என்ன நடந்தது?"

சொன்னேன். பாதி சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கப் பார்த்தேன். அவள் கணக்கு வாத்தி, விடமாட்டாள். ஒவ்வொரு படியாகக் கேட்டாள். படம் ஆர் கீறினது? அவன் கேட்டவனோ? எத்தனை தரம் கேட்டவன்? நேர்முகம் எப்ப?

"வியாழக்கிழமை" என்றேன்.

"போன வியாழனோ?"

"ஓம்."

அவள் சோற்றுச் சட்டியை மூடினாள். பிறகு, "நானும் உங்களுக்குப் பின்னால எட்டு மாசம் கழிச்சுத்தான் வந்தனான். அந்த எட்டு மாசம் எனக்கு எப்பிடிப் போனது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. அந்தப் பொம்பிளை இப்ப அங்க கடுதாசி பாத்துக்கொண்டு இருப்பாள்" என்றாள். "உங்கட உத்தியோகமும் வேண்டாம், கண்டறியாத பட்டமும் வேண்டாம். நான் இன்னும் நூறு பெட்டி அடுக்குவன். போய்ச் சொல்லுங்கோ." எழுந்து என் சோற்றுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கவில்லை.

திங்கள் காலை பொஸ்ஸின் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் பாடமாக்கி வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தக் கம்பியை நீளமா விடச் சொன்னது நான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, என் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். மூலையில் என் கையெழுத்து: மூன்று அடி உபரி விடவும்.

"முதல் நாளே பாத்திட்டன்" என்றார்.

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்தன். செவ்வாய் பாத்தன், புதன் பாத்தன்."

"பிறகேன் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சனீங்கள்?"

"உம்மட கணக்கு சரி. அதுக்குத்தான் வைச்சனான். வேற ஒண்டுக்கும் இல்லை."

எனக்கு முகம் எரிந்தது. அவர்மேல் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். என்னை அளந்து பார்ப்பதற்கு ஒரு மனிதனின் மனைவி பிள்ளையை நிறுத்தி வைத்தாரே, அவருக்கும் வாய் இருந்ததுதானே? இன்றுவரை அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் அதைக் கேட்கும் தகுதி அன்று எனக்கு இருக்கவில்லை. அவர் தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார், மிலானைத் திரும்ப எடுக்கக் கடிதம் அடிக்கச் சொன்னார், அதை உறையில் போட்டு என்னிடமே தந்தார்.

"தபாலில போடாதையும். நீர் கொண்டுபோய்க் குடும்."

வில்லாவுட்டில் அந்த அறைக் கதவை மிலானே திறந்தான். கதிரை ஒன்றுதான் இருந்தது, அதில் என்னை இருத்திவிட்டுத் தான் கட்டிலில் இருந்தான். கோப்பி போட்டுத் தந்தான், எங்கள் ஆட்கள் மாதிரியே, வந்தவனுக்கு முதலில் குடிக்க ஏதும் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன். தன் நேர்முகம் என்ன ஆயிற்று என்று அவனாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். கடிதம் இல்லாமல் போயிருக்கிறான், விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, வேலை கிடைத்த பிறகு புதிதாகப் போடச் சொல்லிவிட்டார்கள்.

"நான் கேட்டனான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "இரண்டு தரம் கேட்டனான்."

"ஓம். கேட்டனீர்."

கடிதத்தை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தான். மறுநாள் ஏழு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டான்.

ஆறு பெட்டியிலும் எர்த் கம்பியை ஒரு சாணுக்கு வெட்டினோம். நேராக, வளைவு இல்லாமல், மிகக் கிட்ட. அடுத்த கோடை முழுக்க இடித்தது, ஒரு பெட்டியும் சாகவில்லை. பிறகு அந்த அமைப்பை மெல்பேர்னிலும் பொருத்தினார்கள், எனக்குப் பதவி உயர்வும் வந்தது. நீங்கள் எதிர்பார்த்த வெற்றி இதுதான் என்றால், எடுத்துக்கொள்ளுங்கள்.

மிலானின் மனைவியும் மகளும் வர ஒன்றரை வருடம் ஆனது. அவனிடம் கார் இல்லை, என் காரில்தான் விமான நிலையம் போனோம். பிள்ளை வளர்ந்திருந்தாள். தகப்பன் குனிந்து கையை நீட்ட, தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாரோ ஒரு மாமாவைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, கார் நிற்கும் இடம் தெரியாதவன்போலத் தேடப் போய்விட்டேன்.

உங்களுக்கு ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா? வரிஸ்டரும் எர்த் கம்பியும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே தெரிந்து வைத்திருப்பீர்கள். குறடு பிடிக்கிறவன் கேள்வி கேட்டால், நீங்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நின்று யோசியுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். இதைச் சொல்ல முப்பது வருடம் தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தேவைப்பட்டது.

மிலானும் நானும் அதன்பிறகு ஒன்பது வருடம் சேர்ந்து வேலை செய்தோம். ஒரு நாள் முகத்தைத் திருப்பியதில்லை. கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவருவான், தீபாவளிப் பலகாரம் அவன் வீட்டுக்குப் போகும். எங்கள் பெண்டுகள் இரண்டு பேரும் நல்ல சிநேகிதம். ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் வேலை விஷயத்தில் அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படத்தைக் கொடுத்தால் வாங்குவான், தலையை ஆட்டுவான், செய்துவிடுவான்.

அது என்னைத் தின்றது. கடைசி வருடத்தில் ஒருநாள், தாங்க முடியாமல், ஒரு பெட்டியின் படத்தில் வேண்டுமென்றே பிழை விட்டேன். எர்த் கம்பியை வேண்டாத மூலையெல்லாம் சுற்றிப் போகிற மாதிரி வரைந்தேன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் பிழை. கேட்பான், ஏன் என்று ஒரு தடவை கேட்பான், நான் எழுந்து நின்று நன்றி சொல்லுவேன் என்று இருந்தேன்.

மிலான் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பின்னேரம் போய்த் திறந்து பார்த்தேன். நான் வரைந்த பிழையை அப்படியே கட்டி முடித்திருந்தான், ஒவ்வொரு மூலையும் சுற்றி, முடிச்சுகள் எல்லாம் ஒரே வரிசையில். நான் நிலத்தில் குந்தி, அதை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினேன்.